பசித்தவர் ஏடுகள் – 8: ஜான் ரோலண்ட்ஸ், வயது ஆறு

1834-ல் வந்த புதிய ஏழைச் சட்டத்தின் கதையைச் சென்ற இதழோடு முடித்தோம். புதிதாகத் தொடரில் சேருகிறவர்களுக்காக ஒரு பத்தி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த பாரிஷ் எனப்படும் சுமார் 15,000 தேவாலய வட்டாரங்களை அறுநூறு சொச்சம் யூனியன்களாகச் சேர்த்துக் கட்டினார்கள். யூனியனுக்கு ஒரு வொர்க்ஹவுஸ். உதவி வேண்டுமென்றால் வீட்டைக் காலிசெய்துவிட்டு உள்ளே வா. கல் உடை, பழைய கப்பல் கயிற்றைப் பிரி, கொடுக்கிற கஞ்சியைக் குடி. வெளியே இருக்கும் கடைநிலைக் கூலிக்காரன் வாழ்வதைவிட உள்ளே இருப்பவன் ஒரு படியாவது கீழே இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தை வடிவமைத்த எட்வின் சாட்விக் வகையறா போட்ட கணக்கு. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். மொத்தம் ஏழு வகையாக ஆட்களைப் பிரித்து, வகைக்கொரு முற்றம் ஒதுக்கினார்கள்.

அங்கே அடைபட்டவர்களின் கொள்ளுப்பேரன்களும் எள்ளுப்பேத்திகளும் இன்று பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அந்த விடுதிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் இதைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். வொர்க்ஹவுஸில் இருந்தது அவமானம். அங்கே பிறந்தது அதைவிட அவமானம். ஆகவே தாத்தா கடலோடியாக இருந்தார் என்றும், பாட்டி ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்தாள் என்றும் ஒரு கதை மட்டும் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கும். கதை ஒன்று சொல்லும், ஏடு வேறொன்று சொல்லும். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க மிகத் தோதான ஆள் ஒருவர் இருக்கிறார்.

1847 பிப்ரவரி 20. வடக்கு வேல்ஸில் செயின்ட் ஆசாஃப் என்ற சிற்றூரின் வொர்க்ஹவுஸில் ஆறு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்து விட்டார்கள். பெயர் ஜான் ரோலண்ட்ஸ். டென்பி ஊரில் கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிறந்தவன். முறைதவறிப் பிறந்தவன் என்று ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். அம்மா அவனைத் தன் தகப்பன் மோசஸ் பாரியிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். கசாப்புக்கடைக்காரரான தாத்தா இருந்தவரை பையனுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் கண்ணை மூடியதும், தாய்மாமன்கள் வாரம் அரை கிரவுன் பேசி அவனை வேறொரு குடும்பத்தில் தங்கவைத்தார்கள். கொஞ்ச நாளில் அந்தக் காசும் நின்றது. உறவுக்கார அம்மாள் வீட்டுக்குப் போகிறோம் என்று ஆசைகாட்டி, அந்தக் குடும்பத்தின் பிள்ளை ஒருவன் அவனைத் தோளில் சுமந்தும் நடத்தியும் மைல்கணக்கில் கூட்டிப்போனான். போய் நின்ற இடம் ஒரு பெரிய கல் கட்டடத்தின் வாசல். மணியை இழுத்தான், ஆள் வந்து பையனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டான், கதவு சாத்திக்கொண்டது.

இந்தப் பையன்தான் பின்னாளில் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி. 1871-ல் ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரிக்கரையில், உஜிஜி என்ற ஊரில் ஆய்வுப் பயணி டேவிட் லிவிங்ஸ்டனைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றவர். 1899-ல் 'சர்' பட்டமும் வாங்கினார். (பெல்ஜிய மன்னர் லியோபோல்டுக்காகக் காங்கோவில் அவர் செய்த காரியங்கள் தனிக் கணக்கு, அதை இந்தத் தொடரில் தீர்க்க முடியாது.) தன்னை அமெரிக்கர் என்றே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். லிவிங்ஸ்டனைச் சந்தித்துவிட்டு 1872-ல் லண்டனுக்கு வந்தபோது, இவர் டென்பிக்காரன், வொர்க்ஹவுஸ் பிள்ளை என்ற பேச்சு பத்திரிகைகளில் கிளம்பியது. மறுத்தார். உயிரோடு இருந்தவரை அந்தப் பேச்சு அவரை உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

1904-ல் அவர் இறந்தார். எழுதி முடிக்காமல் விட்டிருந்த சுயசரிதையை 1909-ல் மனைவி வெளியிட்டார். அதில் செயின்ட் ஆசாஃப் வருகிறது, விலாவாரியாகவே வருகிறது. ஒரு கை இல்லாத பள்ளி வாத்தியார் ஜேம்ஸ் பிரான்சிஸ், அவருடைய பிரம்பு, அடிபட்டு நடுங்கும் பிள்ளைகள். ஒருநாள் வாத்தியார், கூடத்தில் நிற்கும் ஒரு பெண்ணைக் காட்டி அவளைத் தெரிகிறதா என்று கேட்கிறார். தெரியாது என்கிறான் பையன். அவள்தான் அவனைப் பெற்றவள். வேறு இரண்டு பிள்ளைகளோடு அவளும் கையேந்தி உள்ளே வந்திருக்கிறாள். புத்தகத்தின் இந்தப் பகுதியின் உச்சம் 1856 மே மாதத்தில் நடப்பது. வாத்தியார் எல்லாப் பையன்களையும் அடிக்கப் பிரம்பெடுக்கிறார். பதினைந்து வயது ஜான் எதிர்த்து நிற்கிறான், வாத்தியாரைத் தரையில் வீழ்த்தி அதே பிரம்பால் விளாசுகிறான், நண்பன் ஒருவனோடு சுவரேறிக் குதித்து ஓடிவிடுகிறான்.

ஏடு என்ன சொல்கிறது? 1856 மே 13-ஆம் தேதி ஜான் ரோலண்ட்ஸ் விடுதியை விட்டுப் போனான்; போன இடம், ஹோலிவெல்லில் நேஷனல் பள்ளியில் இருக்கும் மாமா வீடு. அவ்வளவுதான். அடிதடி இல்லை, சுவர் இல்லை, ஓட்டம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு நன்றாகப் படிக்கிறான், நல்ல பிள்ளை என்று மெச்சி செயின்ட் ஆசாஃப் பிஷப் அவனுக்கு ஒரு பைபிளைப் பரிசளித்திருக்கிறார்.

ஸ்டான்லியைப் பொய்யர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. உள்ளே நுழைந்த கதையை அவர் மாற்றவில்லை. ஏமாற்றித் தள்ளப்பட்டதை, அம்மாவை அடையாளம் தெரியாமல் நின்றதை அப்படியே சொல்லிவிட்டார். வெளியே வந்த கதையைத்தான் மாற்றினார். நுழைந்ததில் அவருடைய விருப்பத்துக்கு இடமே இல்லை. வெளியேறியதாவது தன் கைவரிசையாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். குடும்பக் கதைகளும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திரிகின்றன. நடந்த கஷ்டத்தை யாரும் கூட்டிச் சொல்வதில்லை. அதிலிருந்து மீண்டதை மட்டும் கொஞ்சம் சாயம் பூசிச் சொல்கிறார்கள்.

அந்த செயின்ட் ஆசாஃப் வொர்க்ஹவுஸ் பின்னர் மருத்துவமனையானது; அதற்கு எச்.எம். ஸ்டான்லி பெயரையே வைத்தார்கள். 2012-ல் மூடினார்கள். (நம் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் ஸ்டான்லி வேறு, அவர் கவர்னர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லி. ஆனால் அந்த ஆஸ்பத்திரியும் 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான். வடசென்னைப் பெரியவர்கள் அதை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள்.)

சரி, இந்த ஏடு என்பது எப்படி இருக்கும்? முக்கியமானது சேர்க்கை – விடுவிப்புப் பதிவேடு. அகலமான பெரிய நோட்டு. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரி ஓடும். வந்த தேதி, பெயர், பிறந்த வருஷம், தொழில், மதம், எந்த பாரிஷிலிருந்து வந்தார், யார் உத்தரவில் சேர்த்தார்கள். இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. இவற்றுக்கு நடுவே வேறு சில கட்டங்களும் உண்டு. உள்ளே வந்தபின் இவருக்குக் கிடைக்கும் அடுத்த வேளைச் சாப்பாடு எது? காலை என்றால் காலை, இரவு என்றால் இரவு என்று குறிக்க வேண்டும். உணவுப் பட்டியலில் இவர் எந்த வகுப்பு? இவருடைய துணியில் தைத்த எண் என்ன? வந்தவுடன் குளிப்பாட்டி, சொந்தத் துணியைக் கழற்றிப் புகைபோட்டுக் கட்டிவைத்து, விடுதிச் சீருடையை மாட்டிவிடுவார்கள். போகும்போது அந்த மூட்டையைத் திருப்பித் தர வேண்டும். அதற்குத்தான் எண். கடைசிக் கட்டம், வந்தபோது இவர் எந்த நிலையில் இருந்தார் என்பது. அழுக்கு, சுத்தம், நோய், கர்ப்பம் என்று ஒரு சொல் இருக்கும்.

இரக்கத்தினால் எழுதிய ஏடல்ல இது. வரி கட்டுகிறவர்களின் காசில் எத்தனை ரொட்டி போயிற்று என்று, யூனியனை நடத்திய காப்பாளர் குழுவுக்குக் கணக்குக் காட்ட எழுதியது. அதனால்தான் நம்பகமாக இருக்கிறது. ரொட்டிக் கணக்கில் தப்பு வந்தால் விடுதி மாஸ்டரின் வேலைக்கு ஆபத்து. ஜான் ரோலண்ட்ஸ் எப்போது போனான் என்பதில் பொய் எழுத அவருக்கு ஒரு லாபமும் இல்லை. அதே சமயம் வாத்தியார் அடித்தாரா என்பதைக் குறிக்க அந்த நோட்டில் கட்டம் கிடையாது. பிள்ளைகள் செய்த குற்றத்துக்குத் தண்டனைப் புத்தகம் தனியாக உண்டு. பிள்ளைகளுக்குச் செய்த குற்றத்துக்கு ஏது புத்தகம்? ஏட்டில் இல்லாததால் நடக்கவில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டான்லி கடைசியில் அரசியலுக்கும் வந்தார். 1895 முதல் 1900 வரை அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தொகுதி லண்டனின் வடக்கு லாம்பெத். அதே வட்டாரத்தில், அதே வருஷங்களில், இன்னொரு பையன் வொர்க்ஹவுஸுக்கும் தெருவுக்குமாக அலைந்துகொண்டிருந்தான். சார்லஸ் சாப்ளின்.

மேடைப் பாடகியான அம்மா ஹன்னாவுக்குக் குரல் போயிற்று, பிறகு உடம்பும் போயிற்று. தையல் மெஷினை வைத்துக்கொண்டு பிழைக்கப் பார்த்தாள்; தவணை கட்டாததால் அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 1896-ல் ஏழு வயது சார்லியும் அண்ணன் சிட்னியும் அம்மாவோடு நியூவிங்டன் வொர்க்ஹவுஸுக்குள் போனார்கள். வாசலிலேயே அம்மா பெண்கள் பக்கம், பையன்கள் வேறு பக்கம். மூன்று வாரத்தில் பிள்ளைகளை லண்டனுக்கு வெளியே ஹான்வெல் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே சார்லிக்குத் தலையில் படை வந்தது; மழித்து அயோடின் தடவினார்கள்.

1898-ல் மறுபடியும் அதே கதை. இந்த முறை லாம்பெத் வொர்க்ஹவுஸ், பிள்ளைகளுக்கு நார்வுட் பள்ளி. ஆகஸ்டில் ஒருநாள் ஹன்னா வெளியே போகிறேன் என்று எழுதிக்கொடுத்தாள். வொர்க்ஹவுஸ் சிறைச்சாலை அல்ல; முன்கூட்டிச் சொல்லிவிட்டு யாரும் போகலாம். ஒரே நிபந்தனை, குடும்பத் தலைவர் போனால் குடும்பமே போக வேண்டும். ஆகவே பிள்ளைகளையும் நார்வுட்டிலிருந்து வரவழைத்துப் பழைய துணியைக் கொடுத்து அனுப்பினார்கள். போக்கிடம் இல்லாத மூன்று பேரும் கென்னிங்டன் பூங்காவுக்குப் போனார்கள். சிட்னியிடம் ஒன்பது பென்ஸ் இருந்தது. அரை ராத்தல் கறுப்புச் செர்ரிப் பழம் வாங்கித் தின்றார்கள். செய்தித்தாளைக் கசக்கிப் பந்தாக்கி விளையாடினார்கள். சாயந்தரம் தேநீர் நேரத்துக்கு வாசலில் வந்து நின்றார்கள். துணியை மறுபடியும் ஆவியில் போட வேண்டுமே என்று அதிகாரிகளுக்கு எரிச்சல்.

இதையெல்லாம் சாப்ளின் 1964-ல் சுயசரிதையில் எழுதினார். பெரிய நடிகர்கள் சொல்லும் ஏழ்மைக் கதை என்று தள்ளிவிடுவதற்கு இல்லை. 1985-ல் சாப்ளின் வரலாற்றை எழுதிய டேவிட் ராபின்சன் லண்டன் காப்பகத்துப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். விடுவிப்பும் மறுசேர்க்கையும் ஒரே நாளில் இருந்தன. செர்ரிப் பழம் ஏட்டில் இல்லை, சாப்ளினிடம் இருந்தது. தேதி சாப்ளினிடம் இல்லை, ஏட்டில் இருந்தது. அடுத்த மாதமே ஹன்னா மனநலக் காப்பகத்துக்குப் போய்விட்டாள். அந்த ஒருநாளின் அருமை, இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் தெரியும். ரென்ஃப்ரூ சாலையில் லாம்பெத் வொர்க்ஹவுஸின் நிர்வாகக் கட்டடம் மிச்சமிருக்கிறது. இப்போது அது சினிமா அருங்காட்சியகம்.

பெயர்பெற்றவர்கள் சுயசரிதை எழுதுகிறார்கள். எழுதப்படிக்கத் தெரியாத ஒரு மேரி ஸ்மித்துக்கு என்ன வழி? அவள் தன் வாழ்க்கையைத் தானே சொல்ல நேர்ந்த இடம் ஒன்று உண்டு. 1662-ல் வந்த குடியமர்வுச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஏழைக்கும் ஒரு சொந்த பாரிஷ். அந்த பாரிஷ்தான் அவருக்குச் சோறு போட வேண்டும். எங்களுக்குச் சொந்தமில்லை, உங்களுக்குத்தான் என்று பாரிஷ்கள் ஒன்றையொன்று கோர்ட்டுக்கு இழுத்தன. அதற்காக ஏழையை மாஜிஸ்திரேட்டுகள் முன்னால் நிறுத்தி விசாரித்தார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பழகினாய், எங்கே ஒரு வருஷம் முழுசாகக் கூலிக்கு இருந்தாய், எவ்வளவு வாடகை கொடுத்தாய், புருஷன் எந்த ஊர்? கிளார்க் எழுதுவார், ஏழை கீழே ஒரு கீறல் போடுவார். சொந்த பாரிஷுக்குத் திருப்பி அனுப்பும் வெளியேற்ற உத்தரவோடு இந்த விசாரணைத் தாளும் கிடைத்துவிட்டால் தேடுகிறவருக்கு அதிர்ஷ்டம்தான். கல்யாணமானதும் பெண்ணுக்குப் புருஷன் ஊர்தான் சொந்த ஊர் என்பதால், கண்ணால்கூடப் பார்த்திராத கிராமத்துக்கு விதவைகளைப் பிள்ளைகுட்டியோடு வண்டியேற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

மற்ற ஏடுகளைப் பற்றிச் சுருக்கமாக. 1868-ல் வந்த சட்டத்தையொட்டி ஒவ்வொரு விடுதியிலும் மதப் பதிவேடு வைக்க ஆரம்பித்தார்கள். பெயர்களை முதலெழுத்து வாரியாக எழுதியிருப்பதால் தேடச் சுலபம். நெருங்கிய உறவினர் பெயரும் சிலசமயம் அகப்படும். 1861-ல் நாடாளுமன்றம், ஐந்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து உள்ளேயே கிடந்த பெரியவர்களின் பட்டியலைப் பெயரோடும் காரணத்தோடும் அச்சிட்டது. 14,000 பேருக்கு மேல். லண்டனிலிருந்து யூனியன்களுக்குப் போய்வந்த கடிதங்கள் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 16,000-க்கும் மேற்பட்ட தொகுதிகளாக இருக்கின்றன. விடுதியில் இருந்தவர்களே எழுதிப்போட்ட புகார்களும் அவற்றுக்குள் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடுதியில் ஆண், பெண், பிள்ளை என்று பிரித்து எழுதியிருப்பார்கள். ஒரே குடும்பம் மூன்று பக்கங்களில் சிதறிக் கிடக்கும். சில இடங்களில் முழுப் பெயர்கூட இல்லை, தலைப்பெழுத்து மட்டும்தான். பிறப்புச் சான்றிதழில் வேறொரு சிக்கல். பிள்ளைகளுக்குக் களங்கம் வரக்கூடாது என்று 1904 முதல் வொர்க்ஹவுஸ் என்ற சொல்லையே சான்றிதழில் எழுதாமல், வெறும் தெரு முகவரியாகப் போடச் சொன்னார்கள். லிவர்பூல்காரர் ஒருவரின் சான்றிதழில் பிரௌன்லோ ஹில் 144ஏ என்றிருந்தால் அது யாருடைய வீடும் அல்ல. நாட்டிலேயே மிகப் பெரிய வொர்க்ஹவுஸ்களில் ஒன்று. இப்போது அந்த இடத்தில் கத்தோலிக்கப் பேராலயம் நிற்கிறது. இந்தப் பூச்சுவேலையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து அரசாங்கம் ஏழைக் குழந்தைகளுக்குச் செய்த அபூர்வமான மரியாதைகளில் அதுவும் ஒன்று.

தேடிக் கிடைக்காதவர்கள் பாடு வேறு. பல யூனியன்களின் ஏடுகள் போரில் எரிந்தும் கழிவுக் காகிதமாகியும் போயின. ஏடு இருந்தும் பெயர் இல்லையென்றால், ஆள் உள்ளே போகவே இல்லாமலும் இருக்கலாம். சட்டம் எவ்வளவு மிரட்டினாலும் உதவி வாங்கிய ஏழைகளில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியேதான் வாங்கினார்கள். இறந்த தேதி கிடைத்துக் கல்லறை கிடைக்காவிட்டால் காரணம் இன்னும் கசப்பானது. 1832-ன் உடற்கூறுச் சட்டப்படி, யாரும் கேட்டுவராத வொர்க்ஹவுஸ் பிணங்களை மருத்துவப் பள்ளிகளுக்கு அறுத்துப் படிக்கக் கொடுக்கலாம். ஏழைகள் அந்த விடுதிகளைக் கண்டு நடுங்கியதில் கஞ்சிக்கு இருந்த பங்கைவிட இதற்கு இருந்த பங்கு அதிகம் என்றே நினைக்கிறேன்.

1930 ஏப்ரல் 1-ஆம் தேதி யூனியன்களைக் கலைத்தார்கள். கட்டடங்கள் உள்ளாட்சி மன்றங்களுக்குப் போயின. 1948-ல் ஏழைச் சட்டமே ஒழிந்தபோது அவற்றில் பல, தேசிய சுகாதாரச் சேவையின் மருத்துவமனைகளாகின. அதற்குப் பிறகும் வெகுநாள் வரை பிரிட்டனின் முதியவர்கள் சிலர் அந்த மருத்துவமனைகளில் படுக்க மறுத்து வீட்டிலேயே செத்தார்கள். பேரப்பிள்ளைகளுக்குக் காரணம் விளங்கவில்லை. பலருக்கு அது விளங்கியது, காப்பகத்தில் அந்தக் கட்டடத்தின் பெயரைப் பதிவேட்டின் அட்டையில் பார்த்தபோதுதான்.

உங்கள் உறவினர் யாராவது இந்தத் தேடலில் இறங்கியிருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: கணக்கெடுப்பையும் சான்றிதழையும் பார்த்து யூனியன் எது என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு மதப் பதிவேடு, அதன் பிறகு சேர்க்கைப் பதிவேடு. பல காப்பகங்களில் நூறு வருஷம் ஆகாத ஏடுகளைக் காட்ட மாட்டார்கள்.

அடுத்த இதழில் அயர்லாந்து. பெரும் பஞ்சத்தின்போது, 1848-லிருந்து 1850-க்குள், அங்குள்ள வொர்க்ஹவுஸ்களிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பெண்களை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.